பண்டைய ரோமில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் என்றதும் பேரரசர்களும் படைகளும் கொலோசியமும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே வாழ்ந்த லட்சக்கணக்கான பேர் காலையில் எழுந்து ரொட்டி வாங்கினார்கள், வாடகை கட்டினார்கள், துணி வெளுக்கப் போட்டார்கள். இந்தப் பக்கம் அவர்களைப் பற்றியது. பெரும்பாலும் கி.மு. 1ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 2ஆம் நூற்றாண்டு வரை உள்ள காலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பாம்பேய், ஹெர்குலேனியம் என்ற இரண்டு ஊர்களும், ரோமின் துறைமுகமான ஆஸ்டியாவும், ரோமானியப் பிரிட்டனின் வட எல்லையில் இருந்த விண்டோலாண்டா கோட்டையும் அடிக்கடி வரும். சாதாரண மக்களின் தடயம் அதிகம் மிஞ்சியிருப்பது அங்கெல்லாம்தான்.

ரோம் நகரத்தில் எல்லாரும் பளிங்கு வீட்டில்தான் இருந்தார்களா?

இல்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், மழைத் தண்ணீர் விழ ஒரு தொட்டி, பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம் என்று இருந்த வீடுகள் வசதி படைத்தவர்களுக்கு. நகரத்தில் பெரும்பாலோர் இருந்தது ‘இன்சுலா’ எனப்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில், வாடகைக்கு. கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்தபடி கடைகள். கடைக்காரர் குடும்பம் பெரும்பாலும் கடைக்கு உள்ளேயே, மரப்பலகையில் போட்ட பரண் மேல் தூங்கும். மேலே ஏற ஏற வாடகை குறையும், வசதியும் குறையும். மேல்மாடிக்குத் தண்ணீர் வராது. தெருக் குழாயில் பிடித்துப் படியேறித் தூக்கிப் போக வேண்டும்.

கட்டடங்கள் இடிந்து விழுவது வழக்கமாக இருந்ததால்தான் பேரரசர் அகஸ்டஸ் உயரத்துக்கு வரம்பு விதித்தார்: 70 ரோமன் அடி, அதாவது ஏறத்தாழ 20 மீட்டர். பிறகு பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். இன்னொரு பயம் தீ. கி.பி. 6இல் அகஸ்டஸ் ‘விஜிலெஸ்’ என்ற காவல் படையை அமைத்தார். விடுதலை பெற்ற அடிமைகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். இரவில் ரோந்து சுற்றித் தீயை அணைப்பது அவர்கள் வேலை. அப்படியிருந்தும் கி.பி. 64இல், நீரோ காலத்தில், நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

முதலில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, மிளகாய் இல்லை, மக்காச்சோளம் இல்லை. இவை எல்லாம் அமெரிக்காவிலிருந்து 1,500 வருடம் கழித்து வந்தவை. இன்றைக்கு இத்தாலியச் சமையல் என்று நாம் நினைப்பதில் பாதி அன்று கிடையாது.

இருந்தது கோதுமை. ரொட்டியாகவோ கஞ்சியாகவோ அதுதான் வயிற்றை நிரப்பியது. கூடவே பயறு, அவரை வகை, முட்டைக்கோஸ், வெங்காயம், ஆலிவ், அத்திப்பழம், பாலாடைக்கட்டி. குடிக்கத் தண்ணீர் கலந்த திராட்சை மது. இறைச்சி ஏழைகளுக்கு விசேஷ நாள் சமாச்சாரம். ருசிக்கு ‘காரும்’ என்ற மீன் சாறு: மீனையும் அதன் குடலையும் உப்பில் போட்டு வெயிலில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. பாம்பேயில் இந்த வியாபாரத்தில் பணம் சேர்த்த ஔலஸ் அம்ப்ரீசியஸ் ஸ்காரஸ், தன் சாறு அடைத்த ஜாடிகளின் படத்தையே வீட்டு முற்றத்தில் பதிகல் ஓவியமாகப் போட்டிருந்தார்.

கோதுமையில் அரசுக்கும் பொறுப்பு இருந்தது. கி.மு. 123இல் மக்கள் பிரதிநிதியான காயஸ் கிராக்கஸ் மலிவு விலையில் தானியம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 58 முதல் அது இலவசம். அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 2,00,000 ஆண் குடிமக்கள் மாதம் 5 ‘மோடியஸ்’, சுமார் 33 கிலோ, வாங்கினார்கள். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் வரத் தாமதமானால் தலைநகரத்தில் கலவரம் வெடிக்கும்.

அந்தத் தானியம் ரொட்டியாகும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பாம்பேயில் ஒரு பேக்கரி அடுப்பைத் திறந்தபோது, கரிந்துபோன 81 ரொட்டிகள் உள்ளேயே இருந்தன. எரிமலை வெடித்த அன்று வேகவைத்தவை, யாரும் எடுக்க வரவில்லை. வட்டமான ரொட்டி, பிய்ப்பதற்கு வசதியாக எட்டுத் துண்டாக மேலே கீறல் போட்டது. ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில் முத்திரை குத்தியிருக்கிறது: குயிண்டஸ் கிரேனியஸ் வேரஸின் அடிமை கெலெருக்கு உரியது. ஓர் அடிமையின் பெயர் ஒரு ரொட்டியின் மேல் இன்றுவரை நிற்கிறது. எனக்கு ரோம் வரலாற்றில் மறக்க முடியாத பொருள் அதுதான்.

2023இல் பாம்பேயில் வேறொரு பேக்கரியைத் தோண்டியெடுத்தார்கள். மாவரைக்கும் இடத்துக்குத் தெருப்பக்கம் வாசலே இல்லை. இருந்த சின்ன ஜன்னல்களிலும் இரும்புக் கம்பி. எரிமலைப் பாறையில் செய்த திரிகையைக் கண் கட்டிய கழுதைகளும் அடிமைகளும் சுற்றிச் சுற்றித் தள்ளினார்கள். ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் நடக்கத் தரையில் வளைவாகப் பள்ளம் வெட்டியிருந்தது. இலவச ரொட்டி என்று படிக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஹோட்டல், டிபன் கடை மாதிரி ஏதாவது இருந்ததா?

நிறைய. மாடி வீட்டில் அடுப்பு மூட்ட இடம் இல்லாதவர்கள் வெளியில்தான் சூடாகச் சாப்பிட்டார்கள். தெருமுனையில் கல்மேடை, அதில் பதித்த பெரிய ஜாடிகள், உள்ளே சாப்பாடு. 2020 டிசம்பரில் பாம்பேயில் அறிவிக்கப்பட்ட ஒரு கடையின் மேடையில் தலைகீழாகக் கட்டித் தொங்கும் வாத்துகளை வரைந்திருக்கிறார்கள். ஜாடிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சம் கிடைத்தது. விலைப்பட்டியலும் உண்டு. ஒரு கடைச் சுவரில் இருந்த வரிகளின் சாரம் இது: ஓர் ‘ஆஸ்’ காசுக்குச் சாதாரண மது, இரண்டுக்கு இன்னும் நல்லது, நான்குக்குப் பலேர்னியன் என்ற உயர்ந்த மது.

நம்ம ஊர் மிளகு அங்கே போனது உண்மையா?

உண்மை. யவனர்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு முசிறியைப் பற்றிச் சொல்கிறது. கறி என்றால் மிளகு. அந்தப் பக்கத்துச் சான்றும் இருக்கிறது: முசிறி வணிகத்துக்காக எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று, 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளில், எகிப்திலிருந்து கிடைத்தது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், இந்திய மண்ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. ரோமிலேயே பேரரசர் டொமிஷியன் காலத்தில் மிளகுக்கென்று தனிக் கிடங்கு கட்டினார்கள்.

விலை என்ன தெரியுமா? கி.பி. 70களில் எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, ஒரு ராத்தல் கருமிளகு 4 ‘டெனாரியஸ்’ வெள்ளிக்காசு என்கிறார். ரோமானிய ராத்தல் என்பது ஏறக்குறைய 327 கிராம். அன்று ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ். கணக்குப் போட்டால், ஒரு ராத்தல் மிளகு கிட்டத்தட்ட ஆறரை நாள் சம்பளம். அப்படியும் வாங்கினார்கள். விண்டோலாண்டாவில் கிடைத்த மெல்லிய மரத்தகட்டில் எழுதிய கணக்கு ஒன்றில், கம்பாக்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய் 2 டெனாரியஸுக்கு மிளகு வாங்கியது பதிவாகியிருக்கிறது. சேர நாட்டு மலையில் காய்த்த மிளகு, பிரிட்டனின் குளிரில் ஒரு சிப்பாயின் கஞ்சியில் விழுந்திருக்கிறது. காரத்தைத் தவிர வேறு எந்தச் சிறப்பும் இல்லாத பொருளுக்காக இந்தியா வரை போகிறோமே என்று பிளினி அலுத்துக்கொண்டார்.

விருந்தில் வாந்தி எடுக்கத் தனி அறை வைத்திருந்தார்களாமே?

தவறு. ‘வாமிடோரியம்’ என்பது விளையாட்டரங்கிலிருந்து கூட்டம் வெளியே கொட்டும் நடைவழி. சொல்லின் ஒலியை வைத்துப் பின்னாளில் கட்டிய கதை அது. பணக்காரர் விருந்தில் ஒரு மேசையின் மூன்று பக்கமும் கட்டில் போட்டு, இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி ஒன்பது பேர் வரை சாப்பிட்டார்கள் என்பது மட்டும் சரி. ஏழைகள் உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட்டார்கள்.

தினமும் டோகாதான் உடுத்தினார்களா?

டோகா குடியுரிமை பெற்ற ஆண்களின் உடை. அரைவட்டமாக வெட்டிய கம்பளித் துணி, நீளம் 5, 6 மீட்டர் வரும். கனம், புழுக்கம், தனியாகக் கட்டுவதும் கஷ்டம். யாரும் உடுத்தாமல் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்துதான், டோகா இல்லாமல் மன்றத்துக்குள் (‘ஃபோரம்’ என்ற ஊர்ப் பொதுச் சதுக்கம்) விடக்கூடாது என்று அகஸ்டஸ் உத்தரவு போட வேண்டியிருந்தது. அன்றாடம் எல்லாரும் போட்டது ‘டூனிக்’ என்ற எளிய அங்கி.

சரி, அந்த வெள்ளைக் கம்பளியை யார் வெளுத்தது? பாம்பேயில் ஸ்டீபனஸ் என்பவரின் பெயரில் அறியப்படும் சலவைப் பட்டறை அப்படியே நிற்கிறது. சோப்பு கிடையாது. புளித்த மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாதான் அழுக்கை எடுத்தது. தெருவில் ஜாடி வைத்துச் சேகரித்தார்கள். தொட்டிக்குள் இறங்கி நின்று துணியை நாள் முழுக்கக் காலால் மிதிப்பது அடிமைகள், கூலியாட்கள் வேலை. பேரரசர் வெஸ்பாசியன் இந்த மூத்திரத்துக்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரியில் வந்த காசை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம்.

பொதுக் குளியலறைக்கு எல்லாரும் போகலாமா?

போகலாம். கட்டணம் கால் ஆஸ், அதாவது மட்டமான மதுவின் விலையில் நான்கில் ஒரு பங்கு. பலருக்கு அதுவே அன்றாடம் ஊராரைச் சந்திக்கும் இடம். முதலில் உடற்பயிற்சி, பிறகு உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கோடு வழித்தெடுப்பது, பிறகு வெதுவெதுப்பான அறை, சூடான அறை, கடைசியில் குளிர்ந்த நீர்த் தொட்டி. பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கும், அல்லது தனி நேரம். கி.பி. 216இல் திறந்த கரகல்லா குளியலகத்தின் இடிபாடுகள் இன்றும் பிரமிக்க வைக்கின்றன.

குளியலகத்துக்கு மேல்மாடியில் தங்கிய தத்துவவாதி செனெகா, ஒரு கடிதத்தில் அங்கே கேட்ட சத்தத்தை எல்லாம் எழுதியிருக்கிறார். பளு தூக்குபவரின் முனகல், மசாஜ் செய்பவர் உடம்பில் கையால் அடிக்கும் சத்தம், தொபுக்கென்று தண்ணீரில் குதிப்பது, முடி பிடுங்குபவர் கூவி ஆள் பிடிப்பது, அப்புறம் பிடுங்கிக்கொள்பவரின் அலறல், தொத்திறைச்சி விற்பவரின் குரல். படித்தால் இடம் கண்முன் வரும். அவர் காதில் விழாதது தரைக்கு அடியில் நடந்தது. தரையைச் செங்கல் தூண்கள் மேல் உயர்த்தி, அந்த இடைவெளியில் சூடான காற்றை ஓடவிடுவார்கள். அதற்கான உலையில் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் அடிமைகள் வேலைதான்.

தண்ணீரும் கழிப்பறையும்?

ரோமுக்கு முதல் நீர்வழி கி.மு. 312இல் வந்தது, கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குள் மொத்தம் 11. கி.மு. 19இல் திறந்த அக்வா விர்கோ நீர்வழிதான் இன்றும் டிரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் தருகிறது. பாம்பேயில் தெருக்கோடிக்குத் தெருக்கோடி கல்தொட்டிக் குழாய். குனிந்து குடித்தவர்கள் கை ஊன்றி ஊன்றி அந்தக் கல்லே தேய்ந்து குழிந்திருக்கிறது. பொதுக் கழிப்பறையில் கல்பலகையில் வரிசையாகத் துளைகள், நடுவில் தடுப்பே கிடையாது, காலடியில் ஓடும் தண்ணீர். ஆஸ்டியாவில் இன்றும் பார்க்கலாம்.

அடிமைகள் நிலை உண்மையில் எப்படி இருந்தது? சிலர் வசதியாக இருந்தார்கள் என்கிறார்களே?

மேலே பல பதில்களில் அடிமைகள் வந்துவிட்டார்கள், கவனித்திருப்பீர்கள். அவர்களைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைத்து ரோமைப் பற்றிப் பேச முடியாது.

வேலை ஆளுக்கு ஆள் வேறு. சுரங்கத்தில் செத்தவர்களும் உண்டு, கணக்கு எழுதியவர்களும் மருத்துவம் பார்த்தவர்களும் உண்டு. அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவின் செயலாளர் டைரோ அடிமையாக இருந்து கி.மு. 53இல் விடுதலை பெற்றவர். முறைப்படி விடுதலையானவருக்குக் குடியுரிமை கிடைக்கும். பழைய எஜமானின் குடும்பப் பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அந்த விடுதலைக்கும் 5 சதவீத வரி உண்டு. ‘வசதியாக இருந்தார்கள்’ என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். எவ்வளவு படித்தாலும், எஜமான் நினைத்தால் அடிக்கலாம், விற்கலாம், பிள்ளையைப் பிரிக்கலாம்.

பாம்பேய்க்கு வடக்கே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்தில் ஒரு பண்ணை மாளிகையில், 2021இல் அடிமைகள் தங்கிய ஓர் அறை வெளியே வந்தது. வெறும் 16 சதுர மீட்டர். மரச்சட்டத்தில் கயிறு கட்டிய மூன்று கட்டில்கள். இரண்டின் நீளம் 1.7 மீட்டர், ஒன்று 1.4 மீட்டர் மட்டும்; அதில் படுத்தது குழந்தையாக இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் மண்சட்டிகள், மூலையில் அடுக்கிய ஜாடிகள், வண்டியின் ஏர்க்கால், உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். மாளிகையின் சாமான் அறையும் அங்கே தூங்கியவர்களின் வீடும் ஒன்றே.

ஓடிப்போனால்? ஓர் இரும்புக் கழுத்துப் பட்டை கிடைத்திருக்கிறது, பிற்காலத்தது. தொங்கும் தகட்டில் எழுத்து: நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடி, என் எஜமான் ஸோனினஸிடம் திருப்பிக் கொடுத்தால் ஒரு பொற்காசு கிடைக்கும். அந்தப் பட்டையை மாட்டியிருந்தவரின் பெயர் அதில் இல்லை.

கி.பி. 61இல் நகரத் தலைமை அதிகாரி பெடானியஸ் செகண்டஸை அவர் அடிமைகளில் ஒருவர் கொன்றார். வீட்டில் இருந்த அத்தனை அடிமைகளுக்கும் மரண தண்டனை என்பது பழைய வழக்கம். 400 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. நகரத்து மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் திரண்டு தடுக்கப் பார்த்தார்கள். நீரோ வழியெங்கும் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினார். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இது இயல்பாகத்தான் பட்டது என்று யாராவது சொன்னால், கல்லோடு தெருவில் நின்ற அந்தக் கூட்டத்தை நினைவுபடுத்துங்கள்.

பெண்களுக்கு என்ன உரிமை இருந்தது?

வாக்கு இல்லை, பதவி இல்லை. சொந்தப் பெயர்கூடக் குடும்பப் பெயரின் பெண்பால்தான்: ஜூலியஸ் குடும்பத்துப் பெண் ஜூலியா, கிளாடியஸ் குடும்பத்துப் பெண் கிளாடியா. சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது 12. ஆனால் சொத்து வைத்துக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம், மணமுறிவு கேட்கலாம். பாம்பேய் மன்றத்தின் பெரிய கட்டடங்களில் ஒன்றைக் கட்டியவர் யூமாக்கியா என்ற பூசாரிப் பெண்.

ஒரு கடிதத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. கி.பி. 100ஐ ஒட்டி, விண்டோலாண்டாவில் இருந்த சல்பிசியா லெபிடினாவுக்கு அவர் தோழி கிளாடியா செவெரா எழுதியது. இருவருமே படை அதிகாரிகளின் மனைவிகள். செப்டம்பர் 11 என் பிறந்தநாள், கட்டாயம் வா, நீ வந்தால்தான் அந்த நாள் எனக்கு இனிக்கும் என்கிறார். கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசியில் மட்டும் செவெரா தன் கையாலேயே, கொஞ்சம் கோணலாக, என் உயிரான சகோதரியே என்று சேர்த்திருக்கிறார். ஒரு பெண் லத்தீனில் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

குழந்தைகள் பள்ளிக்குப் போனார்களா?

கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் போனார்கள். மெழுகு பூசிய மரப்பலகை, கூரான எழுத்தாணி. அதன் தட்டையான மறுமுனையால் தேய்த்தால் எழுத்து அழியும். பள்ளி விடியும் முன்பே தொடங்கிவிடும். பிரம்படி சாதாரணம். அடிப்பது பிள்ளையை அடிமைபோல நடத்துவது, கூடவே கூடாது என்று பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன் அன்றே எழுதினார். பள்ளி வரை கூட்டிப்போய்க் கூட்டிவந்ததும் ஓர் அடிமைதான்.

சாதாரண ஆட்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?

ஓரளவு தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். பாம்பேய்ச் சுவர்களில் 11,000க்கும் மேல் வாசகங்கள். தேர்தல் விளம்பரம், கணக்கு, வசை, காதல். சக்சஸஸ் என்ற நெசவாளி ஐரிஸ் என்ற சத்திரத்து அடிமைப் பெண்ணைக் காதலிக்கிறான் என்று ஒரு சுவரில் இருக்கிறது. இன்னொருவர் சுவரையே விளித்து, இத்தனை பேரின் அறுவையைச் சுமந்தும் நீ இன்னும் இடியாமல் நிற்கிறாயே என்று வியந்திருக்கிறார்.

விடுமுறை, கேளிக்கை?

கிளாடியேட்டர் சண்டையைவிடக் கூட்டம் கூடியது தேர்ப் பந்தயத்துக்கு. சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நான்கு அணிகள். டயோக்லெஸ் என்ற தேரோட்டி 4,257 பந்தயங்களில் ஓடி 1,462இல் வென்றதாக அவர் கல்வெட்டு சொல்கிறது. ரசிகர் சண்டையும் பழசுதான்: கி.பி. 59இல் பாம்பேய்க்காரர்களும் பக்கத்து ஊர் நூசேரியாக்காரர்களும் அரங்கில் வெட்டிக்கொண்டதால் பாம்பேயில் அரங்கக் காட்சிகளுக்கு 10 ஆண்டு தடை விதித்தார்கள்.

மக்கள் ஏங்கிக் காத்திருந்தது டிசம்பர் 17இல் தொடங்கும் சாட்டர்னேலியாவுக்கு. மெழுகுவத்தி, மண்பொம்மை எனப் பரிசு கொடுத்துக்கொள்வார்கள். அடிமைகள் எஜமானோடு உட்கார்ந்து சாப்பிடலாம், சில வீடுகளில் எஜமானே பரிமாறுவார். திருவிழா முடிந்ததும் பழையபடி.

இறந்தால் என்ன செய்தார்கள்?

ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. கல்லறைகள் ஊருக்கு வெளியே, சாலையின் இரு பக்கமும். ஏழைகளின் பெரிய பயம், நாதியில்லாமல் பொதுக்குழியில் போய் விழுவது. அதனால் சங்கம் சேர்ந்தார்கள். ரோமுக்குத் தெற்கே லனூவியத்தில் கி.பி. 136இல் வெட்டிய கல்வெட்டில் அப்படி ஒரு சங்கத்தின் விதிகள் முழுதாக இருக்கின்றன. சேரும்போது 100 ‘செஸ்டர்ஸ்’ காசும் ஒரு ஜாடி நல்ல மதுவும், பிறகு மாதம் 5 ஆஸ். உறுப்பினர் இறந்தால் ஈமச்சடங்குக்கு 300 செஸ்டர்ஸ். அதில் 50 சிதைக்கு வந்தவர்களுக்குப் பங்கு. அடிமைகளும் உறுப்பினர்கள். விடுதலை கிடைத்த அடிமை எல்லாருக்கும் ஒரு ஜாடி நல்ல மது வாங்கித் தர வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. உறுப்பினரான அடிமை இறந்து, எஜமானோ எஜமானியோ வஞ்சகமாக உடலைத் தர மறுத்தால், சங்கத்தார் அவருக்கு ஓர் உருவம் செய்து, அதை வைத்துச் சடங்கை நடத்துவார்கள்.